வாளிக்கு விழுந்த ஒரே ஓட்டு

வகுப்பு முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் பாய்லர்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. இது சாதாரண விஷயமில்லை. எதிரே வருகிறவனை நிறுத்தி, உன் சைக்கிள் செயினில் எண்ணெய் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் விடுகிற மனிதர் அவர். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் அவர் மனைவி, அவளுக்குப் பின்னால் மகன், கடைசியில் மருமகள். மருமகளின் தோளில் மூன்று வயதுக் குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள்.

நால்வருக்கும் ஒரே சலவை ஆலையில்தான் பிழைப்பு. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். அவற்றுக்கு வேண்டிய வெந்நீரும் நீராவியும் பாய்லர்காரர் கையில். துவைத்தது, அவர் மனைவி நிற்கிற இஸ்திரி உருளைக்குள் போய் மொடமொடவென்று வெளியே வரும். மடித்துக் கட்டியதை மகன் வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பான். மருமகள் இருப்பது எல்லாவற்றுக்கும் முந்திய இடம். அழுக்கு மூட்டையைப் பிரித்து, ரத்தக் கறை தனி, எண்ணெய்க் கறை தனி என்று ஒதுக்குகிற அறை. மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை. புதிதாக வந்தவளுக்கு அதைத்தானே கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்து தட்டு போட்டாயிற்று. சோறு, பருப்பு, ஆளுக்கொரு அவித்த முட்டை. பாய்லர்காரர் முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"ஒண்ணு" என்றார்.

"இன்னொன்னு இருக்கு, வைக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"முட்டையைச் சொல்லல. ஓட்டு. எனக்கு விழுந்தது ஒண்ணு."

யாரும் நிமிரவில்லை. மகன்தான் மெல்ல ஆரம்பித்தான். "விடுங்கப்பா. சும்மா பழகறதுக்கு வச்சதுதானே. நீங்க போட்ட ஓட்டாவது..."

"நான் எனக்குப் போட்டுக்கல."

"என்னது?"

"கத்தரிக்கோலுக்குத்தான் போட்டேன். தன் முதுகைத் தானே தட்டிக்கறதுக்கு நான் என்ன கிறுக்கனா? உள்ள போறதுக்கு முன்னாடி தையலம்மாகிட்டயே சொல்லிட்டுத்தான் போனேன். என் ஓட்டு உங்களுக்குத்தாம்மா, நல்லா வாங்கன்னு. எதிர்ல நிக்கறவங்களுக்குப் போடறதுதான் மரியாதை."

மகனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது. பாய்லர்காரர் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நான் போட்டுக்கல. அப்ப அந்த ஒண்ணு இந்த வீட்டு ஓட்டு. எனக்குப் போட்டது யாரு?"

"நான்தான்" என்றாள் மனைவி.

"நான்தான்பா" என்றான் மகன்.

இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் அம்மா மகனைப் பார்த்தாள், மகன் அம்மாவைப் பார்த்தான். மருமகள் குட்டியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"ஓட்டு ஒண்ணு. சொந்தக்காரங்க ரெண்டு" என்றார் பாய்லர்காரர். "நல்லா இருக்குடா குடும்பம்." தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

நடந்தது இதுதான்.

ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் குழந்தைகள் போன பிறகு பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கும். குடும்பத்தோடு வரலாம். ஒரு பக்கம் சின்னதுகளுக்கு விளையாட்டும் பாட்டும், மறுபக்கம் பெரியவர்களுக்குப் பாடம். பெரியவர்கள் உட்காருவது பகலில் சின்னதுகள் உட்காரும் அதே பெஞ்சுகளில்தான். பாய்லர்காரர் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்துவிடும். எழுதப் படிக்க மட்டுமல்ல, ஊரில் எது யார் பொறுப்பு, தெருவிளக்கு எரியாவிட்டால் எங்கே போவது, நகரசபைக் கூட்டத்தில் நாமும் போய் உட்காரலாமா, கேள்வி கேட்கலாமா, எல்லாம் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். டீச்சருக்குக் கத்திப் பேசத் தெரியாது. அந்தக் குறையைப் பாய்லர்காரர் தீர்த்து வைத்தார். டீச்சர் கேள்வி கேட்பது மற்றவரிடம், பதில் வருவது இவரிடமிருந்து. காய்கறிக்காரர் வாயைத் திறந்தால் "இருங்க, நான் சொல்றேன்" என்பார். வகுப்பில் அவருக்குப் பிரஷர் என்று பெயர். அது அவருக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆலைக்கு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் புதிய கடைத்தொகுதி வாசலில் நட்டுவிட்டார்கள். விடியற்காலை முறைக்கு வருகிற பெண்கள் இப்போது கழிவுநீர்க் கால்வாயை ஒட்டின இருட்டுப் பாதையில் நடந்து வரவேண்டும். இதைப் பற்றி நகரசபையின் பொதுக்கூட்டத்தில் பேச, வகுப்பிலிருந்து ஒருவர் போகலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. யார் போவது? "நாமே தேர்ந்தெடுக்கலாம். ரகசிய ஓட்டு எப்படின்னு பாடமும் ஆச்சு" என்றார் டீச்சர்.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பாய்லர்காரர். இன்னொருவர் தெருமுனையில் மிஷின் போட்டிருக்கும் தையலம்மா. அந்தம்மா தானாக நிற்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துத் தள்ளியதால் நின்றார். படிக்கத் தெரியாதவர்களும் இருந்ததால் ஆளுக்கொரு படம். தையலம்மாவுக்குக் கத்தரிக்கோல், பாய்லர்காரருக்கு வாளி. சீட்டில் வேண்டிய படத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டால் ஓட்டு. பழைய படுக்கை விரிப்பு ஒன்றை மூலையில் கட்டி மறைப்பு செய்தார்கள். பிஸ்கட் டின்னில் மேலே கீறி ஓட்டுப் பெட்டி. "உள்ள நீங்க ஒருத்தர்தான். யாருக்குப் போட்டீங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. புருஷனோ பொண்டாட்டியோ, பெத்தவங்களோ, யாரா இருந்தாலும் சரி" என்றார் டீச்சர். பாய்லர்காரரும் எழுந்து நின்று, "கேட்டுதா எல்லாருக்கும்? யாரும் கேக்கக் கூடாது!" என்று அதட்டினார்.

எண்ணும்போது டீச்சர் ஒவ்வொரு சீட்டாக விரித்துத் தூக்கிக் காட்டினார். கத்தரிக்கோல். கத்தரிக்கோல். கத்தரிக்கோல். பாய்லர்காரர் முதலில் சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிப்பை எடுக்கவும் தெரியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றார். கிட்டத்தட்டக் கடைசியில் ஒரு வாளி வந்தது. வகுப்பே கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் அவரைக் கொன்றது. தோற்றதைக்கூடத் தாங்கியிருப்பார். கூட்டத்தில் பேசவேண்டியதைப் பாய்லர் அறையில் நின்று பல நாள் உரக்கச் சொல்லிப் பழகியிருந்தார் மனுஷன்.

ஒளிவு மறைவு எதற்கு, மறைப்புக்குள் யார் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

மனைவி போட்டது கத்தரிக்கோலுக்கு. ஆசை இல்லாமல் இல்லை, பயம். தலைவர் நாற்காலியில் இருக்கிறவரைப் பார்த்து இவர் ஏதாவது சொல்லிவைப்பார், அவர் ஏதாவது சொல்லுவார், இவருக்கு ரத்தம் தலைக்கேறி அங்கேயே விழுந்து வைத்தால்? மகன் போட்டதும் கத்தரிக்கோலுக்குத்தான். ஆலை முதலாளி நகரசபையில் உட்காருகிறவர். அப்பா அங்கே போய்க் கத்தினால் மறுநாள் வேன் சாவி யார் கையில் இருக்கும் என்று அவன் யோசித்தான். இரண்டு பேரும் அவர் நல்லதுக்குத்தான் செய்தார்கள். வீட்டில் நடக்கிற துரோகமெல்லாம் பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறது.

வாளிக்குப் போட்டது மருமகள்.

அவருடைய சத்தம் அவளுக்கும் பிடிக்காது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவர் தொண்டையைச் செருமினாலே கையிலிருந்ததைக் கீழே போட்டிருக்கிறாள். ஆனால் விடியற்காலை முறைக்கு அந்தக் கால்வாய்ப் பாதையில் நடந்துவருகிறவள் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். பாதை வளைகிற இடத்தில் பாய்லர் அறையின் பின்கதவு. அந்த நேரத்துக்கு அவர் கதவை அகலத் திறந்து, அடுப்பு வாயையும் திறந்து வைப்பார். நெருப்பு வெளிச்சம் பாதையில் விழும். கடைசிப் பெண் தாண்டுகிறவரைக்கும் மூடமாட்டார். வீணாகிற சூட்டுக்கு மேஸ்திரியிடம் திட்டு வாங்கியிருக்கிறார். வீட்டில் சொன்னதில்லை. ஊரில் எல்லாவற்றையும் சொல்லுகிறவர் இதை மட்டும் சொல்லவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு மறைப்புக்குள் நின்றபோது அவளுக்கு நினைவு வந்தது அந்த வெளிச்சம்தான்.

அதை அன்றைக்கே, அந்தத் தட்டுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் புருஷனும் மாமியாரும் பொய்யர்கள் ஆவார்கள். அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. பிறந்ததிலிருந்து அவள் எங்கே போகிறாள், என்ன சாப்பிட்டாள், ஏன் சிரித்தாள் என்று கேட்க யாராவது இருந்துகொண்டேயிருந்தார்கள். அந்த மறைப்புக்குள் போட்ட கோடு ஒன்றுதான் யாரும் கேட்கமுடியாதது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை பாய்லர்காரர் தீர்ப்பு சொல்லிவிட்டார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உண்மை வெளிய வர வரைக்கும் இந்த வீட்டுல இருந்து யாரும் அந்த வகுப்புக்குப் போகக் கூடாது."

"குட்டி?" என்றாள் மருமகள்.

"குட்டியும்தான்."

குட்டிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ்தான் மற்றக் குழந்தைகளோடு விடச்சொல்லி அந்த வகுப்புக்கு எழுதிக்கொடுத்தாள். போகத் தொடங்கிய பிறகுதான் ஒரு நாள், பாட்டுக்கு நடுவே, "தா" என்று பந்துக்குக் கை நீட்டினாள். பிறகு இன்னும் சில சொற்கள். வீட்டில் வாயே திறக்காது, அங்கே மட்டும் திறக்கும். அங்கே ஓர் இடம் கிடைக்காதா என்று இன்னும் பல குழந்தைகள் காத்திருந்தார்கள். சேர்ந்தாற்போல் இரண்டு வகுப்பு வராவிட்டால் இடம் அடுத்த குழந்தைக்கு. டீச்சர் முதல் நாளே சொன்ன சட்டம் அது.

முதல் வகுப்பு அந்த வாரமே தவறிப்போனது.

மழை விட்டபாடில்லை. ஆலைக்குள் துணி காயவில்லை, எங்கு பார்த்தாலும் ஈரமும் புழுக்கமும். பாய்லர்காரர் வீட்டில் பேசாததை எல்லாம் அடுப்பிடம் காட்டினார். நீராவி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இஸ்திரி உருளை ஒரு நேரம் விரிப்பைக் கருக்கியது, ஒரு நேரம் நனைந்தபடியே துப்பியது. "பிரஷருக்கு வீட்டுல ஏதோ சரியில்ல" என்று ஆலை முழுக்கப் பேச்சு.

மாமியார் உருளையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, பிரிக்கும் அறைக்கு வந்தாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"இங்க பாரும்மா, உன் நல்லதுக்குச் சொல்றேன். நீ போய் அவர்கிட்ட ஒத்துக்கிட்டா இது முடிஞ்சிடும்."

மருமகள் கையுறையோடு ஒரு விரிப்பை உதறினாள். உள்ளிருந்து ஒரு கரண்டி விழுந்தது. எடுத்துத் தனியாக வைத்தாள். "எதை ஒத்துக்கணும் அத்தை?"

"கத்தரிக்கோலுக்குப் போட்டேன்னு. போட்டா என்ன, கொலைக்குத்தமா? நீ வெளில இருந்து வந்தவ, உன்மேல ரெண்டு நாள் கோவமா இருப்பார், எங்களைக் கேக்கறதை விட்டுடுவார், அப்புறம் சரியாயிடும். குட்டிய நான் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். இடம் போகாது."

"நான் கத்தரிக்கோலுக்குப் போட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன? அவன்தான் போட்டிருக்கான், பெத்த புள்ள..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நானும்தான் போட்டேன்."

"ஒரு ஓட்டுதானே அத்தை விழுந்தது?"

மாமியாரின் முகம் சிவந்தது. "உன்கிட்டப் பேச வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று திரும்பியவள், இரண்டடி போய் நின்றாள். குரல் இறங்கியிருந்தது. "அவர் ராத்திரியெல்லாம் தூங்கல. புரண்டு புரண்டு படுக்கறார். இத்தனை வருஷத்துல என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. இப்ப என்னைப் பாக்கறபோதெல்லாம் கேக்கற மாதிரியே இருக்கு."

மருமகளுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. ஆனாலும் அடுத்த மூட்டையின் முடிச்சைத்தான் அவிழ்த்தாள்.

சாயங்காலம் புருஷன் வேனைப் பின்னால் எடுத்து வந்து நிறுத்தி, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசினான்.

"கத்தரிக்கோலுக்குப் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன கொறஞ்சு போயிடுவ?"

"நீங்க உங்கப்பாவுக்குத்தானே போட்டீங்க?"

அவன் வைப்பரைப் போட்டான். கண்ணாடியில் ஒரு பொட்டு மழை இல்லை, கூரைக்குக் கீழே நின்றிருந்தது வண்டி. "ஆமா."

"அப்ப அத்தை பொய் சொல்றாங்களா?"

"அம்மாவை எதுக்கு இழுக்கற?"

"நான் யாரையும் இழுக்கலைங்க. நீங்கதான் என்னை இழுக்கறீங்க."

"குட்டி இடம் போயிடும்டி. நாளன்னிக்குப் போகலைன்னா போச்சு. அதுக்காகவாவது சொல்லேன். யாருக்குப் போட்டா என்ன இப்ப?"

"யாருக்குப் போட்டா என்னன்னு உங்கப்பாகிட்டயே சொல்லுங்களேன்."

அவன் வண்டியைச் சட்டென்று கிளப்பிக்கொண்டு போனான். வைப்பர் ஆடிக்கொண்டே போயிற்று.

அவள் யோசிக்காமல் இல்லை. மூட்டை பிரிக்கும்போதெல்லாம் அதே யோசனைதான். கத்தரிக்கோலுக்குப் போடாத ஓட்டைப் போட்டேன் என்று சொன்னால் பிள்ளைக்கு இடம் தப்பும். போட்ட ஓட்டைச் சொன்னால், ஏற்கெனவே இரண்டு பேர் உரிமை கொண்டாடுகிற ஓட்டுக்கு மூன்றாவதாக வந்தவள் என்று சிரிப்பார்கள், யார் நம்புவது? சொல்லாமலே இருந்தால் பிள்ளை வாய் மறுபடி மூடிக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. அவளுக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. பழகுவதற்கு ஒரு ஓட்டு வைக்கிறேன் என்று கிளம்பின டீச்சர்மேலும் வந்தது.

வகுப்பு நாள் வந்தது. மாலையில் பாய்லர்காரர் கூடத்தில் நாற்காலியைப் போட்டு, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வால்வு. வீட்டுக்கு எடுத்துவந்து துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

மருமகள் குட்டிக்குத் தலைவாரி, சட்டை மாற்றி, செருப்பு மாட்டிவிட்டாள். தானும் புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நான் வகுப்புக்குக் கிளம்பறேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மகன் கண்ணாடி முன்னால் சீப்போடு நின்றுவிட்டான்.

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"அதை நான் சொல்ல மாட்டேன் மாமா."

"போட்டவ போட்டேன்னு சொல்லப்போறா, போடாதவ போடலைன்னு சொல்லப்போறா. மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

"மறைக்கணும்னு இல்ல மாமா. கேக்கக் கூடாதுன்னு இருக்கு. நீங்களே எழுந்து நின்னு சொன்னீங்க, யாரும் கேக்கக் கூடாதுன்னு."

"அது ஊருக்கு. வீட்டுக்கு இல்ல."

"ஊருக்கும் வீட்டுக்கும் சேத்து எனக்கு அந்த மறைப்பு ஒண்ணுதான் கெடச்சுது மாமா. வழி விடுங்க. நேரமாச்சு."

குட்டியின் கையை அவள் அழுத்திய அழுத்தலில் குட்டி சிணுங்கினாள். மாமனாரை வழிவிடச் சொல்லிவிட்டோம் என்பது வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பாய்லர்காரர் அவளையே பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று மகன் நினைத்து ஓரடி எடுத்து வைத்தான். அவர் வால்வை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"சரி. நானும் வரேன். டேய், நீயும் உங்கம்மாவும் கெளம்புங்க. வீட்டுல யாரும் வாயத் திறக்க மாட்டீங்க. அங்க, எல்லார் முன்னாடியும், இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

நால்வரும் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு ஆரம்பித்திருந்தது. தையலம்மா முன்னால் நின்று, கூட்டத்தில் பேசவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர்காரரைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். குட்டி அம்மாவின் கையை உதறிவிட்டுக் குழந்தைகளின் பக்கம் ஓடினாள்.

"வாங்க வாங்க, போன தடவை காணோமே" என்றார் டீச்சர்.

"டீச்சர், அந்த பிஸ்கட் டின்னைக் கொஞ்சம் எடுங்க. சீட்டெல்லாம் பாக்கணும். எங்க வீட்டு ஆளுங்க கோடு போட்டா எனக்குத் தெரியும்."

டீச்சருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "சீட்டை அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன். இருந்தாலும் காட்ட மாட்டேன். மன்னிச்சுக்கங்க."

"அப்ப நான் கேக்கறேன்."

"அப்படிக் கேக்கக் கூடாதுங்க..."

அவர் காதில் விழவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே போய் நின்றார். சத்தம் போடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். குரல் எழும்பவில்லை. அவ்வளவு இறங்கிய குரலை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"எனக்கு ஒரு ஓட்டு விழுந்துது. போட்டவங்க யாருன்னு தெரிஞ்சா போதும். வேற ஒண்ணும் இல்ல. போடாதவங்க மேல கோவமும் இல்ல. எனக்குப் போட்டவங்க கையத் தூக்குங்க."

மனைவி உடனே கையைத் தூக்கினாள். மகனும் தூக்கினான். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

குழந்தைகள் பக்கம் மட்டும் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு அவர் நிற்கிற நிலை யாருக்குமே தாங்கவில்லை போலும். தையலம்மா மெதுவாகக் கையைத் தூக்கினார். "நீங்க எனக்குப் போடறேன்னீங்க. நான் உங்களுக்குப் போட்டேங்க" என்றார். அது பொய் என்பது அவர் காதைப் பார்த்தாலே தெரிந்தது, சிவந்திருந்தது. அடுத்து காய்கறிக்காரர் தூக்கினார். "நான்கூடத்தாங்க." அவர் பக்கத்தில் இருந்த பஸ் கண்டக்டர் தூக்கினார். பின்வரிசையில் கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் மூவரும் சேர்ந்தாற்போல் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கக் கைகள். ஒரே ஒரு ஓட்டுக்கு வகுப்பே சொந்தம் கொண்டாடியது. இரக்கத்தில் ஒருவர், பயத்தில் ஒருவர், மற்றவர் தூக்கிவிட்டார்களே என்று ஒருவர்.

ஒரு கை மட்டும் மடியிலேயே இருந்தது.

பாய்லர்காரர் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து அங்கே நின்றார்.

"நீ ஏம்மா தூக்கல?"

மருமகள் எழுந்து நின்றாள். இத்தனை கைகளுக்கு நடுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இனி மறைத்து என்ன, இதோ ஒரு சொல், சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சொல்ல மாட்டேன் மாமா" என்று வந்தது. "நீங்க என்ன செஞ்சாலும் சரி. சொல்ல மாட்டேன்."

யாரோ இருமினார்கள். முதலில் கீழே இறங்கியது மகனின் கை. முழுதாக இறக்கவும் இல்லை, தலையைச் சொறிவதுபோல் கொண்டுபோய், அங்கிருந்து மடிக்கு நழுவவிட்டான். அம்மா அதைப் பார்த்தாள். அவளுடைய கை இன்னும் கொஞ்ச நேரம் தூக்கினபடியே இருந்தது. பிறகு அதுவும் இறங்கியது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பாய்லர்காரர் இரண்டு மடிகளையும் பார்த்தார். பிறகு நின்றுகொண்டிருந்த மருமகளைப் பார்த்தார். அவர் உதடு ஏதோ கேட்கப் போனது.

கேட்கவில்லை.

"உக்காரும்மா" என்றார். அவளுக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிப் பெஞ்சில் தானும் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாரும் கைய எறக்குங்க. வலிக்கும்" என்றார்.

பிறகு டீச்சரிடம் சொன்னார்: "அந்தம்மா பேசிட்டிருந்ததை முதல்லருந்து சொல்லச் சொல்லுங்க. நான் குறுக்க பேசல."